இருபத்தைந்து லிட்டர்

பில்லில் பென்சைல் அசிடேட் என்றிருக்கும்.
குடோனில் எங்களுக்கு அது மல்லி.
மல்லி ரெண்டு கேன், ரோஸ் ஒரு கேன் என்று
எண்ணி ஏற்றினோம்
நாகூரானின் மீன்பாடி வண்டியில்.
போகவேண்டியது திருவொற்றியூர்,
ஊதுவத்திக்கு வாசம் கலக்கும் ஒரு மொட்டைமாடி அறை.

எர்ணாவூர் பாலம் இறங்கும் இடத்தில்
கன்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளம்.
ஒரு கேன் குதித்தது.
மூடி ஒரு பக்கம் போனது,
மல்லி ஒரு பக்கம் போனது.

நிறமில்லை அதற்கு.
யாரோ குடம் தண்ணீர் கொட்டியதுபோலத்தான் இருந்தது,
முதல் மூச்சை இழுக்கும்வரை.

பிறகு தெரு முழுக்க மல்லி.
மல்லிக்கு அடியில் கொஞ்சம் பேரிக்காய்,
அதற்கும் அடியில் தோல் கறுத்த வாழைப்பழம்.
தாம்பூலத் தட்டை யாரோ
தட்டிவிட்டதுபோல.

கதவுகள் திறந்தன.
யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பார்கள்,
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

கதவுகள் மூடின. சன்னல்களும்.
மூன்றாம் வீட்டுக்காரி துண்டை நனைத்துப்
பிள்ளையின் மூக்கில் கட்டினாள்.
ஒரு பையன்
கொடியில் காயும் லுங்கியைப் பார்த்தான்,
காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று.
பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினான்.
எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.
பழகிய கைகள், பழகிய கால்கள்.

"இன்னா கேஸுபா இது?"

அழுகின முட்டை வந்தால் என்ன,
கண் எரிந்தால் என்ன,
தொண்டையில் ஊசி குத்தினால்
எந்தத் திசையில் போகவேண்டும்,
இங்கே பால்வாடிப் பிள்ளை சொல்லும்.
நல்ல வாசத்துக்குத்தான்
யாரிடமும் கணக்கில்லை.

நான் கத்தினேன்:
சென்ட்டும்மா! சோப்புல போடறது!
இருமல் மிட்டாய்ல ஒரு துளி இருக்கும்,
நகப்பூச்சுல இருக்கும், பெயின்ட்ல இருக்கும்,
பூவுலயே இருக்கும்மா, நெஜப் பூவுல!

"பூவுல இருக்கறது பூவுல இருக்கட்டும்.
கேன்ல ஏன் வருது?"
மாடிக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
பதினோரு வருட வேலையில்
இதை யாரும் என்னைக் கேட்டதில்லை.

செங்கேணி மட்டும் நகரவில்லை.
முன்னால் தெர்மாகோல் பெட்டி, உள்ளே சங்கரா, ஐஸ்.
மல்லி சரிவைப் பார்த்து ஓடியது,
பெட்டியின் மூலையைத் தொட்டது,
மூலை இல்லை.
டீயில் நனைந்த பொறைபோல
கூழாகி உட்கார்ந்தது ஓரம்.

அது அப்படித்தான். பிசினைக் கரைக்கும்,
மையைக் கரைக்கும்,
தண்ணீரோடு மட்டும் சேராது.
இதை அவளிடம் சொல்லவில்லை.

"வாசம் பொட்டியத் துன்னுமாடா?"
அவள் எங்களைப் பார்க்கவில்லை,
பெட்டியைப் பார்த்தே கேட்டாள்.
"பொட்டியத் துன்றது
மூக்குல போயி இன்னா பண்ணும்?"

மணல் வாரிக் கொட்டினோம். ரெண்டு முறை.
பெட்டிக்கு இருநூறு, மீனுக்கு ஐநூறு,
நாகூரான் பாதி, நான் பாதி.
மீனையும் எங்கள் தலையில் கட்டினாள்.
நாகூரான் வீட்டுப் பூனை
அதை முகர்ந்து, தும்மி,
சுவரேறிப் போனதாம்.

சாக்கடையில் இறங்கியது இறங்கியதுதான்.
மண்ணெண்ணெய் என்றால் மேலே மிதந்திருக்கும்,
வழித்தெடுக்கலாம்.
இது தண்ணீரைவிடக் கனம்.
அடியில் படுத்துக்கொண்டு
கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்கும்.
பத்து நாள் கழித்துப் போனபோது
மழைத்தண்ணீரில் லேசான காடி நெடி.
அதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.
மூன்றாம் வீட்டுக்காரி
சைக்கிள்காரனிடம் ஒரு முழம் வாங்கினாள்.
தலையில் வைக்கப் போன கை
பாதியில் நின்றது.
பூவை மூக்கருகே கொண்டுபோனாள்.
கொடியில் காயும் துணிகளைப் பார்த்தாள்.
இன்னொரு முறை முகர்ந்தாள்.